பஞ்சு மலையில் யாரும் ஏறவில்லை

“எல்லாரும் எறங்கிக்கோங்க, வண்டி ஊருக்குள்ள போவாது” என்று நடத்துநர் சொன்னபோது மாலை நான்கு மணி. ஜன்னலுக்கு வெளியே ஊர் எதுவும் இல்லை. பொட்டல் ஒன்றில் பேருந்துகள் வரிசையாக நின்றன. சவுக்குக் கழி நட்டு, அதில் ஊர்ப் பெயர்களை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்தில் மலை மட்டும் தெரிந்தது.

“ஏன் போகாது?” என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பௌர்ணமி சார், கிரிவலக் கூட்டம். எந்த ஊரு நீங்க?”

ஈப்போ என்றேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்காமல் அடுத்தவரின் மூட்டையை இறக்கப் போய்விட்டார்.

மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றில் நீண்டகாலம் துணையாசிரியராக இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதிய தேதிகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்தப் பயணத்தின் தேதியையும் நானேதான் முடிவு செய்தேன். விசா, பள்ளி விடுமுறை, மழைக்காலம் எல்லாவற்றையும் பார்த்தேன். நிலவைப் பார்க்கவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மல்லிகா ஈப்போவில் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். அதைப் போன்ற சில பாலர் பள்ளிகள் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் செயலாளர். பள்ளி முற்றத்தில் பிளாஸ்டிக் கோட்டை ஒன்று இருக்கிறது. கூரான கோபுரம், கொடி, சறுக்குப் பலகை. “நம்ம பிள்ளைங்க எந்த ஊர்ல இந்தக் கோட்டையைப் பார்த்தாங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். அன்றிலிருந்து தமிழர் வாழ்க்கையிலிருந்து எடுத்த விளையாட்டுப் பொருள்களைத் தேட ஆரம்பித்தாள்.

திருவண்ணாமலையில் ஷாஹிதா என்ற பெண் துணியில் மாடு, டவுன் பஸ், குரங்கு, இளநீர் வண்டி எல்லாம் தைக்கிற காணொளி இணையத்தில் அவள் கண்ணில் பட்டது. இருவரும் பேசினார்கள். மல்லிகா ஒரு படம் வரைந்து அனுப்பினாள்: அண்ணாமலை மலை, பஞ்சடைத்தது, இடுப்பளவு உயரம், ஒரு பக்கம் மூன்று படி, மறுபக்கம் சறுக்கு. பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாட வேண்டும். மாதிரி சரியாக வந்தால் நாற்பது மலைகளுக்கு ஆர்டர்.

மாதிரியை மலையின் மறுபக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் உள்ள அங்கன்வாடியில் வைத்துச் சோதிப்பதாக ஏற்பாடு. அதைப் பார்த்து அறிக்கை எழுதுவதும், பிள்ளைகள் ஏறுவதை மூன்று நிமிடம் படமெடுத்து அனுப்புவதும் என் பொறுப்பு. “நீங்க இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுவீங்க” என்றாள் மல்லிகா. வீட்டில் வேலையில்லாமல் இருந்ததும் நான்தான்.

பொட்டலிலிருந்து ஊருக்குள் நடந்தேன். எனக்கு முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. தெலுங்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே நடந்தார்கள். பக்கத்தில் வந்த வேலூர்க்காரர் கேட்காமலே மொழிபெயர்த்தார்: “மருமகனைத் திட்டறாங்க. செருப்பை பஸ்லயே வுட்டுட்டு வரச் சொன்னாங்களாம். அவரு பையில போட்டுத் தோள்ல தூக்கினு வராரு.” மாமியார் நின்று, பையைப் பிடுங்கி, ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி நடந்தார். கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவர் காலடியில் ஏற்கெனவே அப்படிப் பல பைகள் கிடந்தன.

விடுதியில் என் அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அரை மணி நேரம் நின்ற பிறகு மாடியில் ஓர் அறை கிடைத்தது. சாப்பிட்டது இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு ஊற்றுவதுபோல இங்கே வடகறியை இட்லிமேலேயே ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம் என்று கைகாட்டுவதற்குள் ஊற்றி முடித்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஷாஹிதாவின் கடைக்குப் போனேன். முன்புறம் அவருடைய மாமனாரின் மெத்தைக் கடை, பின்புற அறையில் தையல். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் அளவு நாடா, கைவிரலில் ஊசி குத்திய பொட்டுகள். நான்கு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கலா என்பவர் அடி அண்ணாமலைக்காரர். மற்ற மூவரும் டவுன்.

மலை அறையின் நடுவில் இருந்தது. பழுப்பும் பச்சையுமான துணி, கீழே ஃபோம், மேலே இலவம்பஞ்சு. சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பக்கத்து வடிவம் மறுபக்கத்தில் இல்லை.

“அது பெரிய சண்டை சார்” என்றார் ஷாஹிதா. “டவுன்லேர்ந்து பார்த்தா மலை ஒரு மாதிரி இருக்கும், அடி அண்ணாமலைலேர்ந்து பார்த்தா வேற. எங்க பக்கம்தான் மலைன்னு நானு சொன்னேன். கலா ஒத்துக்கல.”

“உங்க பக்கம் மலையோட முதுகுக்கா” என்றார் கலா, தையலிலிருந்து தலை நிமிராமல்.

“யாரு முதுகு? கோயிலே எங்க பக்கம்தான இருக்குது?”

ஆளுக்கொரு பக்கம் என்று முடிவாகியிருந்தது. நான் குழு கொடுத்த சோதனைத் தாளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தையல் இறுக்கம் சரி. சாயம் போகவில்லை. வாயில் போடும்படி எதுவும் இல்லை. படிகளுக்கு வந்தபோது கை நின்றது. மல்லிகாவின் படத்தில் படிகள் மலையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். இங்கே ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருந்தார்கள், பள்ளிப் பைகளில் கிழிக்கும்போது சர்ரென்று சத்தம் வருமே, அந்தப் பட்டை. இழுத்தால் படி தனியாக வந்துவிடும். சறுக்கும் அப்படியே.

“இது ஏன் இப்படி?” என்று கேட்டேன்.

தையல் எந்திரங்கள் நான்கும் ஒரே சமயத்தில் நின்றன.

“தோய்க்கறதுக்கு ஈசியா இருக்கும் சார்” என்றார் ஷாஹிதா.

அது முழுப் பதில் இல்லை என்று தெரிந்தது. பத்திரிகை வேலையில் இந்த அமைதியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் மேலே கேட்கவில்லை.

மாமனார் வாசலில் வந்து நின்று உருதுவில் ஏதோ சொன்னார். ஷாஹிதா உருதுவில் வெடுக்கென்று பதில் சொன்னார். அவர் போன பிறகு, என்ன சொன்னார் என்று கேட்டேன். தயங்கிவிட்டுச் சொன்னார்: “மலையைத் தைக்கறியே, ஊரைக் கேட்டியான்னு கேக்கறாரு. நூறு வருஷமா மெத்தை தைக்கறோம், ஒருத்தரும் ஒரு சொல்லு சொன்னதில்லை, நீ எதுக்குப் போயி மலைல கை வெச்சேங்கறாரு.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“சாப்பிடப் போங்கன்னேன்.”

தேநீர் வந்தது. அதைக் குடிக்கும்போதுதான் ஷாஹிதாவுக்கு இதில் என்ன போகும் என்று தெரிந்தது. வருடா வருடம் ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து பள்ளிச் சீருடைத் தையல் வாங்கிக்கொண்டிருந்தவர், நாற்பது மலைகளை நம்பி இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது வேறு கடைக்குப் போய்விட்டது. மலை ஆர்டர் வராவிட்டால் அடுத்த சீசன் வரைக்கும் இந்த நான்கு பெண்களுக்கும் வேலை இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. எந்திரச் சத்தம் இருந்ததால் அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மாதிரியை அன்றே கொண்டுபோக முடியவில்லை. பௌர்ணமிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. அங்கன்வாடி ஆசிரியை வசந்தா தொலைபேசியில் சொன்னார்: “இன்னிக்கு வராதீங்க சார். ராத்திரி முழுக்க அப்பா அம்மாகூட கடையில இருந்த புள்ளைங்க. வந்ததும் எல்லாம் படுத்துத் தூங்குது.”

மூன்றாம் நாள் காலையில் கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலுக்குப் போனேன். அங்கன்வாடியில் வெளிநாட்டுக்காரர் படமெடுக்க அனுமதி வேண்டும். அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். “எடுத்துக்கோங்க. ஆனா எந்தக் குழந்தை முகமும் வரக் கூடாது” என்றார்.

“முகம் இல்லாமல் எப்படி எடுப்பது?”

“கால் கை வரட்டும். முகம் வேணாம்.”

நியாயமான நிபந்தனை. ஆனால் மூன்று நிமிடம் கால்களை மட்டும் காட்டினால் ஈப்போவில் இருக்கும் குழு என்ன சொல்லுமோ என்ற கவலையோடு வெளியே வந்தேன்.

மலை ஆட்டோவுக்குள் நுழையவில்லை. சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து, பின்னால் ஏற்றி, கயிறு கட்டினோம். ஷாஹிதாவும் கலாவும் முன்னால் ஓட்டுநரோடு. நான் பின்னால் மலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரிவலப் பாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வேகத்தடை ஒன்றில் கயிறு தளர்ந்து மலை என்மேல் சாய்ந்தது. தள்ளி நிமிர்த்தும்போது சாலையோரம் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். பார்த்ததும் பூவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முன்னாலிருந்த ஷாஹிதா அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இறங்கியதும் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். “அந்தம்மா கும்புட்டாங்களா சார்?”

“ஆமாம்.”

அவர் கலாவைப் பார்த்தார். கலா கயிற்றை அவிழ்த்தார்.

அங்கன்வாடி ஒரே அறை. சுவரில் அகர வரிசை, எடை பார்க்கும் தராசு, மூலையில் அடுப்பு. பிள்ளைகள் பதினெட்டு பேர், எல்லாரும் மூன்றிலிருந்து ஐந்து வயது. மலையை நடுவில் வைத்தோம். நான் தரையில் குப்புறப் படுத்து, கைப்பேசியைக் கணுக்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டேன். எங்கள் கோட்டையைக் கொண்டுவந்த அன்று இறக்கி வைப்பதற்குள் பிள்ளைகள் மேலே ஏறிவிட்டார்கள். அதையே இங்கும் எதிர்பார்த்தேன்.

யாரும் அசையவில்லை. மோனிஷா என்ற நான்கு வயதுப் பெண் எழுந்து வந்து, மலையைத் தொட்டாள். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். மலை அவள் வலக்கைப் பக்கம். பின்னால் இன்னொருத்தி. அரை நிமிடத்தில் பதினெட்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள். என் திரையில் முப்பத்தாறு வெறுங்கால்கள்.

“ஏறுங்க கண்ணு” என்றார் வசந்தா டீச்சர். “படி இருக்குது பாரு.”

தர்ஷன் என்றொரு பையன் படியில் முழங்காலை வைத்தான். பின்னால் வந்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “டேய், அது மேல கால் வெக்காத. அப்பா அடிப்பாரு.”

அவன் இறங்கிவிட்டான். இறங்கும்போது கை பட்டுப் படி சர்ரென்று கழன்றது. அதைத் தூக்கிப் பார்த்தான். சுவரோரம் கொண்டுபோய் வைத்தான். மேலே இரண்டு தம்ளர்களை வைத்தான். “டீ, டீ, டீ, சூடா டீ!”

அவ்வளவுதான். மற்ற இரண்டு படிகளும் கழன்றன. ஒன்று தண்ணீர் பாட்டில் கடை, இன்னொன்று செருப்பு வைக்கும் இடம். சறுக்கு, வாகனம் போகாமல் தடுக்கும் போலீஸ் தடுப்பாகிவிட்டது. பாதிப் பேர் நடந்தார்கள், பாதிப் பேர் விற்றார்கள். பிறகு யாரும் சொல்லாமலே மாறிக்கொண்டார்கள். சுருட்டிய பாயை வாயருகே பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பெண் ஒலிபெருக்கியானாள்: “ஆந்திராலேர்ந்து வந்த லச்சுமியம்மா, உங்க வூட்டுக்காரு போலீஸ் பூத்துல அழுதுனு இருக்காரு, சீக்கிரம் வாங்க!”

மோனிஷா என்னிடம் வெறும் தம்ளரை நீட்டினாள். “சக்கரை ஜாஸ்தியா கம்மியா?”

கம்மி என்றேன். தம்ளரை வாங்கிக்கொண்டு போய், மறுபடி கொண்டுவந்தாள். குடித்தேன். ஒரு மணி நேரம் அவர்கள் நிற்கவே இல்லை. இவ்வளவு நேரம் சேர்ந்து விளையாடி இப்பத்தான் பார்க்கிறேன் என்றார் வசந்தா டீச்சர்.

என் தாளின் கடைசிக் கேள்வி: பிள்ளைகள் ஏறுகிறார்களா?

ஷாஹிதா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. “ஏறலையே சார்” என்றார் மெதுவாக.

டீச்சர் என் பக்கம் குனிந்தார். “உங்களுக்கு வீடியோதான வேணும்? உச்சில பிஸ்கெட் வெச்சா ஏறுவாங்க சார். மூணு நிமிஷம்தான?”

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. முகமும் வராது. பிஸ்கெட்டும் வராமல் எடுக்கலாம். நான்கு பெண்களின் ஆறு மாத வேலை. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

மோனிஷாவின் அப்பா முருகன். பாதையில் டீக்கடை வைத்திருப்பவர். வண்டியில் மலை போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “இன்னா டீச்சர், மலை மேல ஏற வுடறீங்களாமே புள்ளைங்கள?” என்றார். பிறகு ஷாஹிதாவைப் பார்த்தார். ஷாஹிதாவின் கை அளவு நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டது.

கலா முன்னால் வந்தார். “படி எங்க இருக்குது பாரு முருகண்ணா” என்றார்.

“எங்க?”

“உன் பொண்ணு அதுல கடை போட்டுனு இருக்குது. நாங்க மலையோட சேத்துத் தைக்கல. எனக்கு மனசு வரல. அக்காவும் தைக்க வேணாம்னுட்டாங்க. ஒட்டித்தான் வெச்சோம். வேணாம்னா எடுத்துடலாம்.”

முருகன் மலையைச் சுற்றி வந்தார். அடி அண்ணாமலைப் பக்கத்து முகத்தின் முன் நின்று, “நம்ம பக்கம்” என்றார். பிறகு மகளின் கடைக்குப் போனார். அவள் ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள். “அப்டி இல்ல மா, கைய மேல தூக்கு. மேலேர்ந்து ஆத்தணும்” என்று காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார். ஷாஹிதா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் செய்தார்கள், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்கு எதிரே “ஏறவில்லை” என்று எழுதினேன். அடைப்புக்குறிக்குள் ஏதாவது விளக்கம் சேர்க்கலாமா என்று யோசித்து, சேர்க்காமல் காணொளியோடு அனுப்பினேன். தூக்கம் சரியாக வரவில்லை.

காலையில் மல்லிகாவின் பதில் வந்திருந்தது. குழுவினர் காணொளியைப் பார்த்துவிட்டார்கள். கடையும் ஒலிபெருக்கியும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் உடம்பை வளைத்து ஏறி இறங்கப் பழக வேண்டும், கோட்டையை எடுத்துவிட்டு வைக்கும் பொருளில் அது இல்லையென்றால் எப்படி என்று கேட்கிறார்கள். ஏறுகிற மாதிரி சொல்லிக் கொடுக்க முடியுமா என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடைக்கு நடந்தேன். முக்கால் கிலோமீட்டர். அதற்குள் இரண்டு முறை வழி தவறினேன்.

ஷாஹிதா சாப்பிடச் சொன்னார். பிரியாணியும் கத்தரிக்காயும். முதலில் சாப்பிடுங்கள், பிறகு சொல்லுங்கள் என்றார். என் முகத்திலேயே செய்தி இருந்திருக்கும். சாப்பிட்டு முடித்துச் சொன்னேன். எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒன்றிலும் துணி நகரவில்லை.

“ஏற வெக்கச் சொல்லித் தர முடியாது சார்” என்றார். “அந்தப் புள்ளைங்களுக்கு நான் அதைச் சொல்லித் தரவே கூடாது. நான் சொல்லிட்டு நாளைக்கு இந்த ஊர்ல இருக்கணுமில்ல? ஆர்டர் போனா போவட்டும்.” சொல்லிவிட்டு முந்தானையால் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

நிமிர்ந்து, “உங்க ஊர்ல மலை இல்லீங்களா சார்?” என்று கேட்டார்.

இல்லாமல் என்ன? ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள்தான். அவற்றின் குகைகளுக்குள் எங்கள் கோயிலும் இருக்கிறது, சீனர் கோயிலும் இருக்கிறது. படி ஏறித்தான் போவோம். என் வீட்டு வாசலில் நின்றால் எதிரே ஒரு குன்று.

“புள்ளைங்க ஏறுவாங்களா?”

“பாதி வரைக்கும் படி உண்டு. ஏறுவார்கள்.”

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“விழுந்துவிடாதே என்பார்கள்.”

அவர் எழுந்து ஒரு வெள்ளைத் துணிச் சுருளை இழுத்தார். “அப்புறம் எதுக்கு சார் எங்க மலையைக் கேட்டீங்க? அந்த மலையைத் தைக்கறேன். படியைச் சேத்தே தைக்கறேன். போட்டோ காட்டுங்க.”

கைப்பேசியைத் திறந்தேன். நான்கு நாளில் அண்ணாமலையை எல்லாக் கோணத்திலும் எடுத்திருந்தேன். அதற்கு முன்னால் கல்யாணங்கள், பேரன், புது கார். காரின் பின்னால் குன்றின் ஒரு மூலை. அவ்வளவுதான் இருந்தது.

“வரைஞ்சு காட்டுங்க” என்று தையல்காரச் சாக்கட்டியைக் கொடுத்தார். மேசைமேல் ஒரு மேடு வரைந்தேன். எந்தக் குன்றுக்கும் பொருந்துகிற மேடு. குகை வலமா இடமா என்று கேட்டார். வலம் என்றேன். இடமாக இருக்குமோ என்று தோன்றியது. அழித்தேன். கலா வாயைப் பொத்திக்கொண்டார்.

மல்லிகாவைக் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல் மழை.

“முப்பது வருஷமா எதிர்ல நிக்குது, உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?” அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். “இருங்க. குடை எடுத்துக்கிறேன்.”

குடைமேல் மழை விழும் சத்தம் வந்தது. “யார் வரையறாங்க?”

“நான்தான்க்கா, ஷாஹிதா.”

“ஷாஹிதா, இடது பக்கம் செங்குத்தா வெள்ளையா இருக்கு. மேலேருந்து கறுப்பா கோடு கோடா இறங்கும், தண்ணி வடிஞ்ச தடம். வலது பக்கம் சரிவு. அதுலதான் படி.”

“உச்சில இன்னா இருக்குதுக்கா?”

“மரம். சீவாத தலை மாதிரி.”

“பச்சை நூல்ல கொத்துக் கொத்தா வெக்கலாம்” என்றார் கலா.

“குகை எங்கக்கா?”

“படிக்குப் பக்கத்துல, கீழ. உள்ள போனா மறுபக்கம் வெளிச்சம் தெரியும்.”

“அப்ப உள்ள பூந்து வெளிய வரலாமா?”

“நான் போனதில்லை” என்றாள் மல்லிகா. “பிள்ளைங்க போயிட்டு வரும்.”

சாக்கட்டி மேசைமேல் ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டெதிரே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மேசையில் வந்தது.

“நாற்பதுன்னு இப்ப வாக்குக் கொடுக்க முடியாதும்மா” என்றாள் மல்லிகா. “குழுகிட்ட நான் பேசறேன். முதல்ல ஒண்ணு தைச்சு அனுப்புங்க. எங்க பிள்ளைங்க அதை என்ன பண்றாங்கன்னு பார்க்கணும். ஏறுவாங்கன்னு நான் நினைக்கிறேன். அதையும் இனிமே நிச்சயமா சொல்ல மாட்டேன்.”

“என்ன பண்ணாலும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கக்கா” என்றார் ஷாஹிதா. “மொகம் வேணாம். காலு போதும்.”

“அந்த அண்ணாமலையை என்ன பண்ணப் போறீங்க?”

“அது அங்கன்வாடிலயே இருக்கட்டும். இன்னிக்குக் காலைல தாலிக்கயிறு விக்கற கடை போட்டுட்டாங்களாம், டீச்சர் போன் பண்ணாங்க.”

பேச்சு முடிந்தது. நான்கு பெண்களும் ஷாஹிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தினிக்கா?” என்றார் கலா.

“ஒண்ணு.”

“நாப்பது சொன்னாங்களே?”

“இப்ப ஒண்ணு. சீருடை கான்ட்ராக்டர நான் திங்கக்கெழம போய்ப் பாக்கறேன். பட்டன் தைக்கறதாவது வாங்கிட்டு வரேன்.”

“ஒரு மலைக்கு நாலு பேராக்கா?”

“நாலு பேரும்தான். ஒருத்தி படி, ஒருத்தி மரம், ஒருத்தி குகை. நீ அந்தக் கறுப்புக் கோடு. கத்திரிய எடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், அந்த முனையக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. தரையில படாம. வெள்ளைத் துணி.”

பிடித்துக்கொண்டேன். கலா கத்திரியைத் துணியில் வைத்து, ஷாஹிதாவை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்ட ஆரம்பித்தார்.